உள்ளே நாலு பேர்

அந்தத் தொட்டியைச் சுற்றி வேலை செய்த ஒருத்தன்மேலும் கமலவேணிக்கு மரியாதை கிடையாது. தொட்டிமேல் கொஞ்சம் இருந்தது. அது முப்பது வருஷமாக வாயை மூடிக்கொண்டு உழைத்திருந்தது. இவர்கள் மூன்று வாரமாக வாயால் மட்டும்தான் உழைத்தார்கள்.

மஸ்ஜித் தானா ஊரைத் தாண்டிக் கடலோரமாகப் போனால் வருகிற அந்தப் பிளாண்டில் இப்படி இரண்டு தொட்டிகள். செப்பரேட்டர் என்று பெயர். ஒவ்வொன்றும் படுத்துக் கிடக்கிற இரும்புப் பீப்பாய், ஒரு பஸ் நீளம். கடலுக்கடியிலிருந்து குழாயில் எண்ணெயும் தண்ணீரும் கேஸும் ஒன்றாய்க் கலந்து நுரைத்துக்கொண்டு வரும். தொட்டிக்குள் வந்து கொஞ்சம் ஓய்ந்தால் தண்ணீர் அடியில் தங்கும், எண்ணெய் அதன்மேல் நிற்கும், கேஸ் மேலே ஏறிப் போய்விடும். மூன்றுக்கும் தனித்தனி வாசல். எண்ணெய் நிறைய, கேஸ் கொஞ்சம் என்று இருந்த காலத்தில் கட்டியது. இப்போது புதுக் கிணறுகள் தோண்டியாகிவிட்டது, வருவதெல்லாம் கேஸ். பழைய தொட்டிக்குத் தாங்கவில்லை. கேஸ் போகிற வேகத்தில் எண்ணெய்த் துளிகளையும் வாரிச் சுருட்டிக்கொண்டு மேல்வாசல் வழியாக ஓடியது. அந்தப் பக்கம் கேஸை அழுத்தி அனுப்புகிற கம்ப்ரசர் எண்ணெயைக் குடித்து இரண்டு தடவை படுத்துவிட்டது.

புதுத் தொட்டி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. பழசின் வயிற்றுக்குள்ளேயே புதுக் குடலை வைத்துத் தைப்பதென்று ஏசி ரூமில் முடிவானது. வளைந்து வளைந்து போகிற இரும்புத் தகடுகளை நெருக்கமாக அடுக்கிய ஒரு பெட்டி. கேஸ் அதற்குள் நெளிந்து போகும்போது துளிகள் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். வழிந்து, பெட்டிக்கு அடியில் தொங்குகிற வடிகுழாய் வழியாகக் கீழே எண்ணெயில் சேர்ந்துவிடும்.

இதை வரைந்தவர் நிஷாந்த். சிரம்பானில் பெரிய வீடு, வெளிநாட்டுப் படிப்பு, தாத்தா காலத்திலிருந்தே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பழகிய யாழ்ப்பாணத்துக் குடும்பம். முப்பத்திரண்டு வயது. வெள்ளை ஹெல்மெட்டில் ஒரு கீறல் இல்லை. அவர் வரைந்து அனுப்பிய தகடுகள் லாரியில் வந்து இறங்கின. இருபது அங்குல அகலம். தொட்டிக்குள் ஆள் நுழைகிற வட்ட ஓட்டை, மேன்ஹோல், பதினெட்டு அங்குலம். எல்லாத் தகட்டையும் திருப்பி அனுப்பி இரண்டாக வெட்டிக் கொண்டுவர நாலு நாள் போனது.

"படத்துல சரியா இருந்துச்சு ஆண்ட்டி" என்றார் நிஷாந்த்.

"படத்துல நான்கூடத்தான் சார் வெள்ளையா இருக்கேன்" என்றாள் கமலவேணி.

அவளுடைய வேலை அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது. ஹோல் வாட்ச் என்பார்கள். உள்ளே போகிறவன் பெயர், போன நேரம், கையில் கொண்டுபோன சாமான், வெளியே வந்த நேரம், திரும்பக் கொண்டுவந்த சாமான், எல்லாம் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். கேஸ் மீட்டர் கத்தினால் விசில் ஊதி ஆட்களை வெளியேற்ற வேண்டும். எது நடந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்து போகக் கூடாது. கடைசியில் தொட்டிக்குள் ஆளும் இல்லை, அந்நியச் சாமானும் இல்லை என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் மூடியை முடுக்கலாம். இதற்கு அரசாங்கம் ஒரு கார்டு கொடுக்கிறது.

அந்தக் கார்டை அவள் சும்மா வாங்கவில்லை. செம்பனைக் காட்டில் முதுகில் தோம்பு என்கிற மருந்து டின்னைச் சுமந்து பதினெட்டு வருஷம் மருந்தடித்தவள். மலாயில் பரீட்சை, இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை பாஸானாள். வேறொரு இடத்தில், ஒரு சூப்பர்வைசர் "எல்லாம் எடுத்தாச்சுக்கா, போடு" என்றதை நம்பிக் கையெழுத்துப் போட்டாள். உள்ளே ஒரு ஸ்பேனர் கிடந்தது. தொட்டியைத் திறந்தார்கள், ஸ்பேனரை எடுத்தார்கள், பழியை அவள்மேல் வைத்தார்கள். கார்டை ஆறு மாதம் முடக்கினார்கள். அந்த ஆறு மாதமும் மறுபடி மருந்து அடித்தாள். சூப்பர்வைசருக்கு ஒரு மயிரும் நடக்கவில்லை. இன்னொரு தடவை கார்டு போனால் திரும்பக் கிடைக்காது. அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. முதுகு இனித் தோம்பைத் தாங்காது.

ஆகவே அவள் எழுதினாள். தீப்பெட்டி அளவுச் சாமானைக்கூட எழுதினாள். ஆண்கள் சிரித்தார்கள்.

"ஓட்டையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறதுக்கு ஒரு சம்பளமா?" என்று ஒருத்தன் கேட்டான்.

"நீ வந்த ஓட்டைய யாராச்சும் ஒழுங்காப் பாத்திருந்தா நீ இப்படி வந்திருக்க மாட்டல்ல" என்றாள். அவன் பிறகு கேட்கவில்லை.

முதல் தொட்டி வேலை முடிந்த நாள். ஃபிட்டர் தேவன் தன் ஆட்களோடு வெளியே வந்து, சாமான்களைத் தார்ப்பாயில் பரப்பி, அவள் பெயர் சொல்லச் சொல்லத் தொட்டுக் காட்டினான். எல்லாம் சரி. மணி மூன்று. மூடியைத் தூக்கச் செயின் மாட்டியாகிவிட்டது. அப்போதுதான் காண்ட்ராக்டர் வசந்தன் வந்தான்.

வசந்தனும் அவளும் ஒரே தோட்டம். அவன் அப்பா அங்கே தண்டல். வெயிலில் நிற்கிறவர்களை நிழலில் நின்று ஏசுகிற உத்தியோகம். மகன் அதையே லைசென்ஸ் எடுத்துச் செய்கிறான். கையில் தங்கச் சங்கிலி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, மூன்று வாரத்தில் சேறு பார்க்காத பூட்ஸ். இன்றைக்குக் கூடுதலாக, எலுமிச்சம்பழம் வைத்துக் கட்டிய ஒரு மஞ்சள் துணி முடிச்சு.

"அக்கா, ரெண்டு நிமிசம். உள்ள போய்ட்டு வந்துர்றேன்."

"என்னாத்துக்கு?"

"முடிச்சு கட்டணும்லா. கிஷன் விரலு நசுங்குனதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல. கண்ணு பட்டுருச்சு. பூசாரிகிட்ட மந்திரிச்சு வாங்கியாந்திருக்கேன்."

தேவனின் ஆள் கிஷனுக்கு விரல் நசுங்கியது போன வாரம். அன்றைக்கு உள்ளே நாலு விளக்கு கேட்டார்கள். வசந்தன் ஒரு விளக்கு அனுப்பினான். இருட்டில் இரண்டு தகட்டுக்கு நடுவே விரல் போனது. கண் பட்டது உண்மைதான். கண்ணுக்கு எதுவும் தெரியாமல் பட்டது.

"வெளிய கைப்பிடியில கட்டு. எப்பவும் அப்படித்தான கட்டுவ?"

"வெளிய கட்டுனா அந்த சேப்டி பொம்பளை அவுத்துப் போட்டுருதுக்கா."

"சாமிக்குத் தொட்டிக்குள்ள என்னடா வேலை? பெர்மிட்டுல பேரு இருக்கா அதுக்கு?"

"என் பேரு இருக்குல்ல. கார்டும் இருக்கு. விடு."

இருந்தது. அவனைத் தடுக்க அவளுக்குச் சட்டம் இல்லை. "கொண்டு போறத எழுதுவேன். திரும்ப வரணும்."

"சும்மா நாலு மூலையும் காட்டிட்டு எடுத்தாந்துருவேன். எழுதிக்க, உன் ஆசைய ஏன் கெடுப்பானேன்."

அவள் எழுதினாள்: வசந்தன், 3.08. மஞ்சள் துணி முடிச்சு, ஒன்று.

தொப்பையைத் திணித்துக்கொண்டு உள்ளே போனான். பத்து நிமிஷம் ஆனது. 3.18க்கு வேர்த்து வழிந்துகொண்டு வெளியே வந்தான். இரண்டு கையும் வெறுங்கை.

"முடிச்சு எங்க?"

"விடுக்கா. மூடச் சொல்லு."

"எங்கடா?"

"அக்கா, சாமி காரியத்துல குறுக்க நிக்காத. கையெழுத்தப் போடு. நாளைக்குக் கேஸ் விடணும், பெரிய ஆளுங்க எல்லாம் வர்றாங்க."

கமலவேணி பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் செருகினாள். அவ்வளவுதான் செய்தாள். செயினைப் பிடித்திருந்தவன் கையை எடுத்துவிட்டான். தேவன் வந்து நின்றான். பத்து நிமிஷத்தில் நிஷாந்தும் வந்தார்.

"வாட் இஸ் திஸ்? ஏன் இன்னும் மூடல்ல?"

அவள் ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினாள். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. அவளே வாசித்துச் சொன்னாள்.

நிஷாந்த் சிரித்தார். படித்தவர்கள் இதற்கென்றே வைத்திருக்கிற சிரிப்பு. "எஸ்டேட் பழக்கம்! ஒரு துணிதானே ஆண்ட்டி? எண்ணெயிலே ஊறிக் கரைஞ்சிடும். சைன் பண்ணுங்கோ."

"அத எங்க வச்சான்னு கேளுங்க சார்."

வசந்தனுக்கு அதைச் சொல்வதில் பெருமைகூட இருந்தது. "பத்திரமான இடம் சார். புதுப் பெட்டிக்கு அடியில ஒரு குழாய் தொங்குதுல்ல? அதுக்குள்ள நல்லா அழுத்திச் சொருகிட்டேன். எந்தக் காத்துக்கும் விழாது."

நிஷாந்தின் சிரிப்பு அங்கேயே நின்றது. அதுதான் வடிகுழாய். தகட்டில் பிடிபட்ட எண்ணெயெல்லாம் கீழே இறங்க இருக்கிற ஒரே வழி. அதை அடைத்தால் பெட்டி நிரம்பி வழியும். எண்ணெய் மறுபடி கேஸோடு கம்ப்ரசருக்கே போகும். மூன்று வார வேலையை ஒரு எலுமிச்சம்பழம் வைத்து அடைத்துவிட்டு வந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான் வசந்தன்.

"எடு! போய் எடு!"

"வச்சத எடுக்கப்படாது சார். எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

"தேவன், நீ போ."

தேவன் இரண்டடி பின்னால் போனான். "நான் தொட மாட்டேன் சார். மந்திரிச்சது. வேற என்ன வேலைன்னாலும் சொல்லுங்க."

அவன் ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்பேனர் துடைக்க ஆரம்பித்தார்கள்.

"அப்ப நீங்க போங்க சார்" என்றாள் கமலவேணி. "நீங்க வரைஞ்சதுதான. வழி தெரியும்."

நிஷாந்த் ஓட்டையைப் பார்த்தார். மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட அதற்குள் தலையை விட்டவரில்லை. "எனக்கு... சின்ன இடம் ஒத்துக்காது. மூச்சு முட்டும்."

ஒரு ஓட்டை. அதைச் சுற்றி ஏழு ஆம்பளை. ஒருத்தனுக்குச் சாமி பயம், ஒருத்தனுக்கு இடுக்கு பயம், மிச்சப் பேருக்கு இவர்கள் இரண்டு பேர்மேலும் பயம். கமலவேணிக்குத் துப்ப வேண்டும்போல் இருந்தது. பிளாண்டுக்குள் துப்பக் கூடாது என்பதால் விழுங்கினாள்.

"தேவன், உன்கிட்ட கார்டு இருக்குல்ல? இங்க வந்து உக்காரு. எழுதத் தெரியும்ல? என் பேர எழுது. டார்ச் லைட்டு ஒண்ணுன்னு எழுது. எந்திரிச்ச, காலை ஒடிச்சிருவேன்."

உள்ளே கொதித்தது. மூன்று வாரம் ஊதியும் போகாத எண்ணெய் வாடை மூக்கில் ஆணியாக இறங்கியது. குனிந்து, பிறகு தவழ்ந்து, புதுப் பெட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். குழாய் இரண்டு விரல் அகலம். நல்லாத்தான் அழுத்தியிருந்தான், வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை. விரலை விட்டுக் கிண்டினாள். துணி கிழிந்து நூல் நூலாக வந்தது. பழம் நசுங்கிச் சாறு கண்ணில் விழுந்தது. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள், சாமியை இல்லை. கடைசியில் ஒரு சின்னச் செப்புத் தகடும் வந்தது. குழாய்க்குள் டார்ச் அடித்தாள். மேலே பெட்டியின் தகடு வெளிச்சத்தில் தெரிந்தது. துணித் துண்டுகளைச் சேர்த்துப் பொருத்திப் பார்த்து, எந்த மூலையும் குறையவில்லை என்று தெரிந்த பிறகுதான் திரும்பித் தவழ்ந்தாள்.

வெளியே வந்து எல்லாவற்றையும் தார்ப்பாயில் போட்டாள். ஆண்கள் அதைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாள்: வடிகுழாய்க்குள் சொருகியிருந்த மஞ்சள் துணி முடிச்சு, எடுத்தது கமலவேணி, 4.02. அதன் கீழே கையெழுத்து. மூடி ஏறியது.

அன்று சாயங்காலம் நிஷாந்த் தனியாக வந்தார்.

"அக்கா" என்றார். மூன்று வாரத்தில் முதல் தடவை. "ரெஜிஸ்டர்லே அந்த ஒரு லைனை மட்டும் அடிச்சிடுங்கோ. எல்லாம் கிளியர் ஆயிட்டுதானே? மேலே இருக்கிறவங்க பார்த்தா என் சூப்பர்விஷன் சரியில்லைன்னு எழுதுவாங்க."

"சரியில்லதான சார்."

"உங்களுக்கும் பிரச்சினை வரும்."

"எனக்கு வர்றது அடிச்சாத்தான் வரும். பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கு. ஒரு வரிய அடிச்சா எல்லா வரியும் பொய்யாயிரும்."

அவர் போய் வசந்தனை அனுப்பினார். அவள் கழுத்தில் தொங்கிய கேட் பாஸைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டான். "ரெண்டாவது தொட்டிக்கு வேற ஆளு வச்சிக்கிறேன். நீ வீட்டுல இரு." கொஞ்ச தூரத்தில் நிஷாந்த் நின்று போனில் எதையோ கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார். பிளாண்டுக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்பது அவருக்கு அப்போதைக்கு மறந்துவிட்டது.

எட்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்குத் தேவன் போன் பண்ணினான். பிளாண்டுக்கு வெளியே இருக்கிற தேத்தண்ணிக் கடையிலிருந்து. கமலவேணி அலோர் காஜாவில் தன் ஃபிளாட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"பசியாறிட்டியாக்கா?"

"விசயத்தச் சொல்லு."

"மொத தொட்டி சூப்பரா ஓடுதுக்கா. கேஸு சும்மா ரெண்டு மடங்கு போகுது, ஒரு சொட்டு எண்ணெய் மேல ஏறல. வசந்தன் அண்ணன் வெளிய மறுபடி ஒரு முடிச்சு கட்டுச்சு, அதனாலதான்னு சொல்லிக்கிட்டுத் திரியுது. எஞ்சினியர் போட்டோ நோட்டீஸ் போர்டுல இருக்கு."

"இதச் சொல்லவா கூப்ட்ட?"

தேவன் குரலை இறக்கினான். "ரெண்டாவது தொட்டி நேத்து தொறந்தாச்சு. நாற்காலியில கோமளா உக்காந்திருக்கு. வசந்தன் அண்ணனோட மச்சினிச்சி."

"அவகிட்ட கார்டு இருக்கா?"

"சூப்பர்மார்க்கெட் பாயிண்ட் கார்டுதான் இருக்கும். அதில்லக்கா... பேப்பர்ல உன் பேரு. உன் கார்டு நம்பரு. உன் பாஸத்தான் கோமளா மாட்டிக்கிட்டு வருது. நேத்தும் நீ, இன்னைக்கும் நீ."

துணி கையிலிருந்து வாளிக்குள் விழுந்தது. அடுத்த வீட்டு வானொலி பாடிக்கொண்டே இருந்தது.

"நான் சொன்னேன்னு சொல்லிராதக்கா."

"சொல்ல மாட்டேன். நீ போய் நிம்மதியா தேத்தண்ணி குடி."

மோட்டார் சைக்கிளை எடுத்தாள். மஸ்ஜித் தானா ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அவள் ஓட்டிய வேகத்துக்கு நாலு பேர் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அவள் காதில் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது: இந்த நிமிஷம் உள்ளே ஒருத்தன் செத்தால் கொன்றது கமலவேணி. பேப்பரில் அப்படித்தான் இருக்கும். கார்டு மட்டும் போகாது, அவளும் உள்ளே போவாள்.

கேட்டில் பாக் ஹாஷிம். பல வருஷமாக அங்கே காவல். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"காக், ஆவாக் சூடா மாசோக் லா." நீ ஏற்கெனவே உள்ளே போயாச்சு என்றார். ஏழு இருபதுக்கு.

"நான் உள்ள இருந்தா, இப்ப உங்க முன்னால நிக்கிறது என்ன, பேயா?" என்று மலாயில் கேட்டாள்.

பாக் ஹாஷிம் தலையைச் சொறிந்தார். கம்ப்யூட்டரை நம்புவதா கண்ணை நம்புவதா என்று அவருக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. 

"சேப்டி ஆபீசரக் கூப்பிடுங்க. புவான் நோரைனிய. அவங்க வர்ற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன். என்னத் தள்ளி விட்டீங்கன்னா, ஆளு உள்ள இருக்கும்போதே வெளிய தள்ளிட்டீங்கன்னு உங்க மேல எழுதுவாங்க."

அவர் கூப்பிட்டார்.

நோரைனி ஜீப்பில் வந்தாள். பிளாண்டுக்காரர்களின் சேப்டி ஆபீசர், வசந்தன் முடிச்சையெல்லாம் அவிழ்த்துப் போடுகிற அதே பொம்பளை. இரண்டு கேள்வி கேட்டாள். மூன்றாவது கேள்வி கேட்காமல் கமலவேணியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டாள்.

இரண்டாவது தொட்டிக்குப் பக்கத்தில் கோமளா நாற்காலியில் இருந்தாள். மடியில் ரெஜிஸ்டர், ரெஜிஸ்டருக்கு மேல் கெரோப்போக் வறுவல் பாக்கெட். கமலவேணியைப் பார்த்ததும் கழுத்தில் தொங்கிய பாஸைக் கையால் மூடினாள். அதில் இருந்த போட்டோ அவள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்ததுபோல. வசந்தன் ஓடி வந்தான். பின்னாலேயே நிஷாந்த்.

"உள்ளே எத்தனை பேர்?" என்று நோரைனி கேட்டாள்.

கோமளா பக்கத்தைப் பார்த்தாள். "அம்பாட். நாலு பேர்."

"வெளியே வரச் சொல்."

கோமளாவின் விசில் எங்கே என்று கோமளாவுக்குத் தெரியவில்லை. கமலவேணி நாற்காலிக் காலில் கட்டியிருந்த விசிலை எடுத்து, ஓட்டைக்குள் தலையை விட்டு ஊதினாள். இரும்புக்குள் அது இடிபோல் உருண்டது.

ஒருத்தன் வந்தான். இரண்டு. மூன்று. நாலாவதாக வந்தவன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "என்னாச்சு?" என்றான்.

வசந்தன் மூச்சு விட்டான். "பாத்தீங்களா புவான்? நாலு. எல்லாம் கரெக்டு. பேப்பர்ல சின்ன மிஸ்டேக், அவ்ளோதான்லா." பிறகு கமலவேணி பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில், மெதுவாக: "அக்கா, கெடுத்துராத. இப்பவே நாற்காலியில உக்காரு. காலையிலேர்ந்து நீதான் இருந்தன்னு சொல்லிரு. நேத்தும்தான். வேலை உனக்குத்தான், தொட்டி முடியற வரைக்கும். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"ஆமாக்கா" என்றார் நிஷாந்த். "ப்ளீஸ்."

கமலவேணி இன்னும் ஓட்டைக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் அடங்கிய பிறகும் உள்ளே ஒரு சத்தம் நிற்கவில்லை. வரட்டு, வரட்டு என்று ஏதோ சுரண்டுகிற சத்தம்.

"உள்ள யாரு?" என்று கத்தினாள்.

சுரண்டல் தொடர்ந்தது. டார்ச்சைப் பிடுங்கி அடித்தாள். தூரத்து மூலையில், பழைய சேறு கிடக்கிற பக்கத்தில், இரண்டு பூட்ஸ் தெரிந்தது. மறுபடி ஊதினாள். மறுபடி. பூட்ஸ் அசைந்தது.

அஞ்சாவது ஆள் வெளியே வர ரொம்ப நேரம் ஆனது. மெலிந்த ஆள், முகம் முழுக்கக் கறுப்பு, காதில் பஞ்சு. சேறு வழிக்க வசந்தன் வேறொரு காண்ட்ராக்டரிடம் இரவல் வாங்கிய பங்களாதேஷ்காரன். ஓட்டை வாசலிலேயே முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, தன்னைச் சுற்றி இவ்வளவு பேர் ஏன் நிற்கிறார்கள் என்று பார்த்தான்.

கோமளா பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினாள், அவன் வேறெங்காவது எழுதப்பட்டிருப்பான் என்பதுபோல.

"அவன்... இப்பத்தான் உள்ள போனான்" என்றான் வசந்தன். "சும்மா வாளி எடுக்க."

"உன் பொய்க்காவது ஒரு டார்ச் லைட்டு குடுத்து அனுப்புடா" என்றாள் கமலவேணி.

நோரைனி வாக்கி டாக்கியில் பேசினாள். எல்லா வேலையும் நிறுத்தம். எல்லா ஆளும் கேட்டுக்கு. எஞ்சினியர் ஆபீசுக்கு. நிஷாந்த் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பெயர் வாசிக்கப்பட்ட பையன்போல அவள் பின்னால் நடந்தார். தேவனும் மற்றவர்களும் சாமான்களைப் பொறுக்கினார்கள். அவர்கள் கோபம் வசந்தன்மேல் இல்லை.

"இன்னைக்கு நாள் கூலி போச்சு" என்றான் ஒருத்தன், அவள் காதில் விழுகிற மாதிரி. "எத்தன நாளோ. சும்மா வீட்டுல கெடந்தவ வந்து வயித்துல அடிச்சிட்டுப் போறா."

தேவன் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் போன் பண்ணியது அவன் என்று தெரிந்துவிடுமே.

கமலவேணி கோமளாவின் கழுத்திலிருந்து பாஸைக் கழற்றினாள், மடியிலிருந்து ரெஜிஸ்டரை எடுத்தாள், அதன்மேல் இருந்த கெரோப்போக் தூளை வசந்தனின் பூட்ஸ்மேல் தட்டினாள். நேற்றைய பக்கத்திலும் இன்றைய பக்கத்திலும் அவள் பெயர் இருந்தது. நல்ல உருண்டை எழுத்து. இரண்டையும் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் 'இது நான் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வசந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்து, நோரைனி திரும்பிப் பார்ப்பதைக் கண்டு மூடிக்கொண்டான்.

பிறகு அந்த அஞ்சாவது ஆள் பக்கம் போனாள். தன்னைத்தான் ஏசப் போகிறார்கள் என்று நினைத்து அவன் எழுந்து நின்றான்.

"நாமா?" என்று பெயரைக் கேட்டாள்.

காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, "ரொஃபிக்" என்றான்.

நாலாவது பெயருக்குக் கீழே எழுதினாள். வெளியே வந்த நேரம் 11.12. உள்ளே போன நேரத்துக்கு யாராவது பதில் சொல்வார்களா என்று சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் சாமான் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டத்தில் 'தெரியாது, யாரும் பார்க்கவில்லை' என்று எழுதிவிட்டு, ரெஜிஸ்டரை நோரைனியிடம் கொடுக்க நடந்தாள்.